ஒல்மெக் தாக்கமும் மீசோஅமெரிக்காவின் தொடக்கக்கால ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒல்மெக் என்று நாம் அழைக்கும் மக்கள் யார்?

மெக்சிகோவின் பெரும்பகுதியும் அதற்குத் தெற்கே நடு அமெரிக்காவின் ஒரு பகுதியும் சேர்ந்த பழைய நாகரிக நிலப்பரப்பையே மீசோஅமெரிக்கா என்கிறோம். அங்கே மெக்சிகோ வளைகுடாவின் தென்கரையில், இன்றைய வெராகுரூஸ் மாநிலத்தின் தென்பகுதியும் டபாஸ்கோ மாநிலத்தின் மேற்குப் பகுதியும் சேர்ந்த தாழ்நிலத்தில், ஏறத்தாழ கி.மு. 1400 முதல் கி.மு. 400 வரை செழித்திருந்த மக்களையே ஆய்வாளர்கள் ஒல்மெக் என்று குறிப்பிடுகிறார்கள். ஆறுகளும் சதுப்புகளும் நிறைந்த அந்த நிலத்தில் முதலில் தலையெடுத்த ஊர் சான் லொரென்சோ. இயற்கையான ஒரு மேட்டின் மேல் மண்ணைக் கொட்டி, படிப்படியாக உயர்த்தி அமைக்கப்பட்ட ஊர் அது. கி.மு. 1000-ஐ ஒட்டி அது தளர்ந்த பின்னர் லா வென்டா தலைமை இடமாக எழுந்தது. இதுவரை கிடைத்துள்ள 17 பெரிய கல்தலைகளில் 10 சான் லொரென்சோவில் கிடைத்தவை. டுக்ஸ்ட்லா மலைகளின் எரிமலைப் பாறையில் செதுக்கப்பட்ட அந்தத் தலைகளுக்கான கற்கள், வண்டிச் சக்கரமோ சுமைவிலங்கோ இல்லாத காலத்தில், பல பத்துக் கிலோமீட்டர் தொலைவைக் கடந்து கொண்டுவரப்பட்டவை.

அந்த மக்கள் தங்களையே அப்படி அழைத்துக்கொண்டார்களா?

இல்லை. ‘ரப்பர் நாட்டவர்’ என்று பொருள்படும் இந்தப் பெயர், அஸ்டெக் மக்களின் நவாட்டில் மொழியைச் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் வளைகுடாக் கரையில் வாழ்ந்த வேறு மக்களைக் குறிக்க வழங்கிய அந்தச் சொல்லை, 1920-களில் ஆய்வாளர்கள் எடுத்து ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கலைப்பாணி ஒன்றுக்குச் சூட்டினார்கள். இது வெறும் பெயர்ச்சிக்கல் என்று கடந்து போய்விட முடியாது. ஒரே சொல் ஒரு மக்களையும் ஒரு கலைப்பாணியையும் குறிப்பதால், வளைகுடாவுக்கு வெகுதொலைவில் அந்தப் பாணியில் ஒரு பாவை கிடைத்தவுடன் ‘இங்கே ஒல்மெக் மக்கள் இருந்தார்கள்’ என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். கீழே வரும் பதில்களில் பல, இந்த அவசரத்தால் எழுந்த குழப்பத்தைப் பற்றியவையே.

ஒல்மெக் தாக்கம் வருவதற்கு முன் மற்ற பகுதிகளில் மக்கள் நிலையாகத் தங்கி வாழவில்லையா?

வாழ்ந்தார்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சியாபாஸ் மாநிலத்தின் பசிபிக் கரையிலுள்ள மசட்டான் பகுதியில், கி.மு. 1900 அளவிலேயே மக்கள் ஊர்களில் நிலைத்து வாழ்ந்து மிக நேர்த்தியான பானைகளை வனைந்தார்கள். இன்று ஆய்வாளர்கள் மொகாயா என்றழைக்கும் அந்த மக்களின் பழமையான பானைகள் கழுத்தில்லாத உருண்டை வடிவம் கொண்டவை. பூசணியையும் சுரைக்குடுக்கையையும் நினைவூட்டும் வரிப்பள்ளங்களும் மெருகும் உடையவை. அடுப்பில் வைத்துச் சமைப்பதைவிட, விருந்தில் பானம் பரிமாறுவதற்கே அவை ஏற்றவை. அதே பகுதியிலுள்ள பாசோ டே லா அமாதா என்னும் ஊரில், கி.மு. 1650 அளவில், சுமார் 80 மீட்டர் நீளத்தில் இருபுறமும் மண் திட்டுகளை எழுப்பிப் பந்தாட்டக் களம் ஒன்றை அமைத்திருந்தார்கள். சான் லொரென்சோ பெரிய ஊராவதற்கு முன்பே நடந்தது இது.

மலைநாட்டிலும் நிலை அதுதான். தென்மெக்சிகோவின் வஹாகா பள்ளத்தாக்கில், அதன் எட்லா கிளையிலுள்ள சான் ஹோசே மொகோத்தேயில், கி.மு. 1150-க்கு முன்பே, குடியிருப்பு வீடுகளிலிருந்து வேறுபட்ட சிறிய பொதுக் கட்டடங்கள் இருந்தன. ஓரறை கொண்ட அவற்றின் தரையும் சுவரும் சுண்ணாம்பு பூசப்பட்டவை. தரை நடுவிலிருந்த குழியில் தூள் சுண்ணாம்பு சேமிக்கப்பட்டிருந்தது. புகையிலை போன்ற இலையோடு சேர்த்து மெல்லுவதற்காக அது வைக்கப்பட்டிருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. வீடு வேறு, ஊர்ப்பொதுவான இடம் வேறு என்ற பகுப்பு, வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுத் தருவதற்கு முன்பே அங்கு இருந்தது.

அப்படியானால் ‘ஒல்மெக் தாக்கம்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

கி.மு. 1250-க்கும் கி.மு. 1000-க்கும் இடைப்பட்ட காலத்தில், ஒன்றோடொன்று மொழியாலும் நிலத்தாலும் வேறுபட்டிருந்த பல வட்டாரங்களில், ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே வகைப் பொருள்களும் உருக்களும் தோன்றுகின்றன. பிளந்த நெற்றி, கீழ்நோக்கி வளைந்த வாய், முதலையையும் ஜாகுவார் என்னும் சிறுத்தையையும் பாம்பையும் கலந்தாற்போன்ற முகம் ஆகியவை வெண்மையும் கருமையும் கொண்ட கலங்களின் வெளிப்புறத்தில் ஆழமாகக் கீறப்பட்டுள்ளன. குழந்தை வடிவில், உட்கார்ந்த நிலையில், உள்ளீடற்று வனைந்த வெண்ணிறச் சுடுமண் உருவங்கள் கிடைக்கின்றன. பின்னர், கி.மு. 900-க்குப் பிறகான லா வென்டா காலத்தில், பச்சைக்கல் கோடரிகளைச் சிலுவை வடிவில் புதைக்கும் வழக்கமும் பாறைச் சிற்பங்களும் பரவுகின்றன. இந்த இரண்டு அலைகளையும் ஒன்றாகக் கலந்து பேசுவது பொதுவான நூல்களில் காணப்படும் பிழை. முதல் அலை பெரும்பாலும் களிமண்ணில் வந்தது. இரண்டாவது அலை பெரும்பாலும் கல்லில் வந்தது.

‘தாய்ப் பண்பாடு’ என்ற கருத்து எங்கிருந்து வந்தது?

அமெரிக்கத் தொல்லியலாளர் மத்தேயு ஸ்டெர்லிங் 1938 முதல் ட்ரெஸ் சபோட்டெஸ், லா வென்டா, சான் லொரென்சோ ஆகிய இடங்களில் அகழ்ந்து கல்தலைகளை வெளிக்கொணர்ந்தார். 1942-இல் டுக்ஸ்ட்லா குத்தியேரெஸ் நகரில் கூடிய அறிஞர் அவையில், மெக்சிகோவின் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ, மாயா உள்ளிட்ட பிற்கால நாகரிகங்கள் அனைத்துக்கும் ஒல்மெக்கே தாய் என்று முழங்கினார். ஓவியரும் ஆய்வாளருமான மிகெல் கோவாருபியாஸ் அவருக்குத் துணை நின்றார். மாயாவே மூத்தது என்று நம்பிய மாயா ஆய்வாளர் எரிக் தாம்சன் போன்றவர்கள் இதை ஏற்க மறுத்தார்கள். 1957-இல் வெளியான லா வென்டாவின் கரிமக் காலக்கணிப்பு, ஒல்மெக் பழமையைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்தது.

ஆனால் பழமை உறுதியானதால் தாய்மையும் உறுதியாகிவிடவில்லை. வஹாகாவில் நீண்ட காலம் அகழ்ந்த கென்ட் ஃபிளானரியும் ஜாய்ஸ் மார்கஸும், பல வட்டாரத் தலைவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டும் கொடுத்து வாங்கியும் ஒன்றாக வளர்ந்தார்கள் என்றும், ஒல்மெக் அவர்களுள் ஒரு சகோதரி மட்டுமே என்றும் வாதிட்டார்கள். என் பார்வையில் இரண்டு உவமைகளுமே ஓரளவு தடம் மாற்றுகின்றன. சான் லொரென்சோவுக்கு நிகரான அளவுள்ள ஊரோ, அதன் கற்சிற்பங்களுக்கு நிகரான படைப்போ அந்தக் காலத்தில் வேறெங்கும் இல்லை. ஆகவே அதைப் பலருள் ஒருத்தி என்று சொல்வது பொருந்தாது. மற்ற ஊர்கள் அதனிடமிருந்து பிறந்தவையும் அல்ல. ஆகவே தாய் என்ற சொல்லும் பொருந்தாது.

பானை ஓடுகளை வைத்து நடந்த வாதம் என்ன?

2005-இல் ஜெஃப்ரி பிளம்ஸ்டர், ஹெக்டர் நெஃப், மைக்கேல் கிளாஸ்காக் ஆகியோர் எழுநூறுக்கும் மேற்பட்ட ஓடுகளை நியூட்ரான் கொண்டு ஆராய்ந்து, அவற்றின் களிமண்ணில் உள்ள நுண்ணளவுத் தனிமங்களைக் கணக்கிட்டார்கள். ஒவ்வோர் ஆற்றுப் படுகையின் மண்ணுக்கும் தனித்த வேதிக் கையொப்பம் உண்டு என்பதே இந்த முறையின் அடிப்படை. சான் லொரென்சோவில் வனைந்த கலங்கள் வஹாகா, சியாபாஸ், மெக்சிகோ பள்ளத்தாக்கு ஆகிய இடங்களுக்குப் போயிருந்தன என்றும், அந்த இடங்களின் கலங்கள் சான் லொரென்சோவுக்கு வரவில்லை என்றும் அவர்கள் முடிவு கூறினார்கள்.

அதே ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டோல்ட்மன், மார்கஸ், ஃபிளானரி முதலியோர் மறுப்பு வெளியிட்டார்கள். அவர்கள் ஓடுகளைத் தாள்போல் மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, களிமண்ணில் கலந்திருந்த கனிமத் துகள்களைப் பார்த்தார்கள். சான் லொரென்சோவில் கிடைத்த சில ஓடுகளில் இருந்த துகள்கள் வஹாகாவின் பாறைகளுக்கே உரியவை என்றும், ஆகவே போக்குவரவு இருவழிப்பட்டது என்றும் அவர்கள் கூறினார்கள். முதல் அணியினர் அதற்கும் மறுமொழி எழுதினார்கள். அந்த வாதத்தின் சூடு இன்னும் முழுவதும் ஆறவில்லை.

இரு அணியினரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. ஒல்மெக் உருக்கள் கீறப்பட்ட கலங்களில் மிகப் பெரும்பாலானவை, அவை கிடைத்த ஊரின் மண்ணிலேயே உள்ளூர்க் குயவர் கைகளால் வனைந்தவை. வெளியிலிருந்து வந்த கலம் ஒன்றிரண்டுதான். அதைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டவை ஏராளம். ஒரு புதிய உருவை ஏன் விரும்பிச் செய்தார்கள் என்பதை வேதிப் பகுப்பாய்வால் சொல்ல முடியாது.

ஒல்மெக் மக்களே நேரில் போய்க் குடியேறிய ஊர் ஏதேனும் உண்டா?

உண்டு, மசட்டான் பகுதியிலுள்ள கான்டோன் கொர்ராலித்தோ அதற்கு மிக வலுவான சான்று. சான் லொரென்சோவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்த ஊர், ஆற்று வெள்ளம் கொண்டுவந்த மணலுக்கு அடியில் புதைந்து கிடந்தது. இங்கு அகழ்ந்த டேவிட் சீதம், கலங்களையும் பாவைகளையும் சான் லொரென்சோவில் கிடைத்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கண் எப்படித் துளைக்கப்பட்டது, தலை எவ்வாறு மழிக்கப்பட்டதாகக் காட்டப்பட்டது, கலத்தின் விளிம்பு எந்தக் கோணத்தில் சாய்ந்தது என்பன போன்ற சிறு வேலைப்பாடுகளில்கூட இரண்டும் ஒத்திருந்தன. இறக்குமதியான கலங்களோடு, உள்ளூர் மண்ணில் அதே கைப்பழக்கத்தோடு செய்தவையும் அங்கு கிடைத்தன. ஓர் உருவைப் பார்த்துப் பின்பற்றலாம். சிறு வயதிலிருந்தே பழகிய கையின் அசைவை அப்படிப் பின்பற்றுவது கடினம். ஆகவே சான் லொரென்சோவில் பிறந்து வளர்ந்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ இங்கு வாழ்ந்தார்கள் என்ற முடிவு எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

வஹாகா பள்ளத்தாக்கில் இந்தத் தாக்கம் எப்படி இருந்தது?

கான்டோன் கொர்ராலித்தோவில் கண்டதற்கு நேர்மாறான படத்தைச் சான் ஹோசே மொகோத்தே காட்டுகிறது. கி.மு. 1150 முதல் கி.மு. 850 வரையிலான காலத்தில் இந்த ஊர் வேகமாகப் பெருத்து, சுமார் 1000 பேர் வாழும் அளவை எட்டியது. அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு ஈடான ஊர் அப்போது வேறில்லை. அதன் ஒரு பகுதியிலிருந்த சில வீடுகளில், மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவை அரைத்துத் தேய்த்துச் சிறு கண்ணாடிகள் செய்தார்கள். பெரும்பாலானவை கட்டைவிரல் நகத்தின் அளவே இருக்கும். ஒரு பக்கத்தைப் பல நாள் தேய்த்து மெருகேற்றினால், கருமையான அந்தப் பரப்பில் முகம் தெரியும். தாதுத் துண்டுகளும், பாதி தேய்த்துக் கைவிட்டவையும், உடைந்தவையும் அந்த வீடுகளின் தரையில் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்தன. வஹாகாத் தாதுவால் ஆன இத்தகைய கண்ணாடிகள் சான் லொரென்சோவிலும் கிடைத்துள்ளன. தலைமக்கள் அவற்றை மார்பிலோ தலையணியிலோ அணிந்திருக்க வேண்டும்.

ஆகவே பேரூரின் தலைவன் மார்பில் மின்னிய பொருள், மலைநாட்டுச் சிற்றூரின் வீடொன்றில் வேலை தெரிந்த ஒருவர் குந்தியிருந்து தேய்த்துக் கொடுத்தது. தாக்கம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டுத் தரைதான் நினைவுக்கு வருகிறது.

அதே ஊரின் கலங்களில் கீறிய உருக்களைப் பற்றிய ஒரு கருத்தும் இங்குச் சொல்லத் தக்கது. ஊரின் சில பகுதிகளில் நெருப்புப் பாம்பு, அதாவது மின்னலைக் குறிக்கும் உரு, மிகுதியாகக் கிடைக்கிறது. வேறு பகுதிகளில் பிளந்த தலையுடைய நிலநடுக்க உரு மிகுதியாகக் கிடைக்கிறது. வானத்தை முன்னிறுத்திய குலமும் மண்ணை முன்னிறுத்திய குலமுமாக ஊர் இரண்டு வழிமரபுகளாகப் பிரிந்திருந்தது என்று ஃபிளானரியும் மார்கஸும் இதை விளக்குகிறார்கள். மிகச் சிறு குழந்தைகளின் புதைகுழிகளிலும் இந்த உருக்கள் கொண்ட கலங்கள் இருந்ததால், இந்த உறுப்புரிமை பிறப்பால் வந்தது என்று அவர்கள் கருதுகிறார்கள். இந்த விளக்கம் சரியானால், எங்கும் பரவியிருந்த ஓர் உருத்தொகுதியை அந்த ஊரார் தங்கள் குலப்பிரிவுகளைக் காட்டும் அடையாளமாக மாற்றிக்கொண்டார்கள் என்று பொருள்.

இது படையெடுப்பால் நடந்ததா?

அப்படிக் கருத ஆதாரம் இல்லை. முதல் அலைக் காலத்தில் இந்த ஊர்களைச் சான் லொரென்சோ தாக்கி எரித்ததற்கோ, திறை வாங்கியதற்கோ சான்று கிடைக்கவில்லை. கொக்கோ, பச்சைக்கல், அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி, இரும்புத் தாது ஆகியவற்றின் பண்டமாற்றும், திருமண உறவும், விருந்தும், சடங்கும் சேர்ந்தே இந்தப் பரவலை உண்டாக்கின என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

மெக்சிகோவின் நடுப்பகுதி ஊர்களில் என்ன கிடைக்கிறது?

மெக்சிகோ பள்ளத்தாக்கின் ட்லாட்டில்கோவில், செங்கல் சூளைக்கு மண் வெட்டியவர்கள் கண்டெடுத்த புதைகுழிகளிலிருந்து ஆயிரக்கணக்கான கலங்களும் பாவைகளும் கிடைத்தன. அவற்றுள் ஒல்மெக் பாணியைச் சேர்ந்தவை சிறுபான்மையே; மீதமுள்ளவை அந்த ஊருக்கே உரியவை.

மொரேலோஸ் மாநிலத்திலுள்ள சால்காட்சிங்கோ இரண்டாவது அலைக்கு உரியது. கி.மு. 700 முதல் கி.மு. 500 வரை அது உச்சத்தில் இருந்தது. அங்கே செங்குத்தான மலையின் பாறையிலுள்ள ஒரு சிற்பத்தில், குகையின் திறந்த வாய்க்குள் ஒருவர் அமர்ந்திருக்கிறார். குகைவாயிலிருந்து ஆவிச்சுருள்கள் வெளிவருகின்றன. மேலே மேகங்கள், அவற்றிலிருந்து விழும் மழைத்துளிகள். மழைநீர் மலையிலிருந்து இறங்கும் வழியை ஒட்டியே அந்தச் சிற்பம் செதுக்கப்பட்டுள்ளது. பாணி வளைகுடாவை நினைவூட்டினாலும், மலைப்பாறை முகத்திலேயே நேராகச் செதுக்கும் முறை வளைகுடாவின் தாழ்நிலத்தில் வழக்கமில்லை. அங்குள்ள மேசை வடிவ அரியணையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சான் லொரென்சோவிலும் லா வென்டாவிலும் அத்தகைய அரியணைகள் ஒரே பெருங்கல்லில் குடையப்பட்டவை. சால்காட்சிங்கோவில் இருப்பதோ பல கற்களை அடுக்கிக் கட்டியது. வடிவத்தைப் பெற்றுக்கொண்ட ஊரார், அதைத் தங்களுக்குப் பழக்கமான கட்டுவேலையில் நிறைவேற்றினார்கள்.

பந்தாட்டத்தை ஒல்மெக் மக்கள்தான் பரப்பினார்களா?

ரப்பர் பந்தின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகள் ஒல்மெக் நிலத்தில்தான் கிடைத்தன. சான் லொரென்சோவுக்கு அருகிலுள்ள எல் மனாத்தி என்னும் ஊற்றின் சேற்றில், பச்சைக்கல் கோடரிகளோடு காணிக்கையாக இடப்பட்ட பந்துகள் கி.மு. 1600 அளவைச் சேர்ந்தவை. ரப்பர் மரத்தின் பாலோடு ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்தால் அது இறுகித் துள்ளும் தன்மை பெறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் மிகப் பழைய களம், முன்னர்ச் சொன்னதுபோல், பசிபிக் கரையில் உள்ளது. வஹாகாவின் மலைநாட்டு எட்லாடோங்கோவில் கி.மு. 1374 அளவைச் சேர்ந்த களம் ஒன்றை பிளம்ஸ்டரும் விக்டர் சலசார் சாவெஸும் 2020-இல் அறிவித்தார்கள். அதற்கு முன்பு, மலைநாட்டார் இந்த ஆட்டத்தைத் தாழ்நிலத்தாரிடமிருந்து வெகுகாலம் கழித்தே பெற்றார்கள் என்று கருதப்பட்டது. இப்போது அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது.

மக்காச்சோளப் பயிர்த்தொழில் ஒல்மெக் வழியாகப் பரவியதா?

இல்லை. மக்காச்சோளம் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்பே தென்மேற்கு மெக்சிகோவில் பயிராக்கப்பட்டு, ஒல்மெக் காலத்துக்கு வெகுமுன்னரே எங்கும் பரவியிருந்தது. சான் லொரென்சோவின் மக்களே மீன், ஆமை, நாய் இறைச்சி, கிழங்கு ஆகியவற்றையும் பெரிதும் நம்பியிருந்தார்கள். மக்காச்சோளம் அன்றாட உணவின் நடுப்பொருளானது பல இடங்களில் கி.மு. 1000-க்குப் பிறகே. அந்த மாற்றத்தோடு சேர்ந்துதான் மக்காச்சோளக் கதிரைத் தலையில் தாங்கிய தெய்வ முகம் பச்சைக்கல்லில் பெருகுகிறது.

மாயா ஊர்களுக்கு ஒல்மெக் என்ன கொடுத்தது?

இந்தக் கேள்விக்கான விடை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. குவாத்தமாலாவின் சைபாலில் அகழ்ந்த தகேஷி இனோமாட்டாவின் குழுவினர், அங்குள்ள சடங்கு வெளி கி.மு. 950 அளவில் அமைந்தது என்று 2013-இல் காட்டினார்கள். லா வென்டாவில் அதே அமைப்பு தோன்றியது அதற்குப் பின்னரே. 2020-இல் அதே குழு, டபாஸ்கோவின் கிழக்கிலுள்ள அகுவாதா ஃபெனிக்ஸில், வானிலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தித் தரையை அளக்கும் லிடார் முறையால், 1400 மீட்டர் நீளமும் சுமார் 400 மீட்டர் அகலமும் 10 முதல் 15 மீட்டர் உயரமும் கொண்ட மண்மேடை ஒன்றைக் கண்டறிந்தது. அது கி.மு. 1000-க்கும் கி.மு. 800-க்கும் இடையில் எழுப்பப்பட்டது. மாடு மேயும் நிலமாகக் கிடந்ததால், தரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது இயற்கையான மேடாகவே தெரிந்தது. அங்கு ஆளுவோரின் கல்தலைகளோ அரியணைகளோ கிடைக்கவில்லை.

2021-இல் அவர்கள் அந்த வட்டாரத்தில், நீள்சதுர வெளிகளைக் கொண்ட இத்தகைய 478 சடங்கு அமைப்புகளைப் பட்டியலிட்டார்கள். சான் லொரென்சோவின் நடுவிலும், விளிம்பில் 20 திட்டுகளோடு கூடிய அத்தகைய நீள்சதுர வெளி இருந்ததை அப்போதுதான் கண்டார்கள். ஆகவே இடத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு முறை சான் லொரென்சோவிலிருந்து பின்வந்தோர்க்குச் சென்றிருக்கலாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்கள் தலைவர்களின் பெருஞ்சிலைகளை எடுத்துக்கொள்ளவில்லை. எதைப் பெறுவது, எதை விடுவது என்பதை அவர்களே தேர்ந்தார்கள்.

எழுத்தும் நாட்காட்டியும் ஒல்மெக் கொடையா?

வெராகுரூஸில் கிடைத்து 2006-இல் அறிவிக்கப்பட்ட காஸ்காஹால் கல்லில் 62 குறிகள் உள்ளன. அறிவித்தவர்கள் அதைக் கி.மு. 900 அளவைச் சேர்ந்தது என்றார்கள். கல் முறையான அகழ்வில் கிடைக்கவில்லை என்பதால் ஐயங்கள் தொடர்கின்றன. ட்ரெஸ் சபோட்டெஸின் கல் ஒன்றில் உள்ள நெடுங்கணக்குத் தேதி, அதாவது ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாள்களை எண்ணும் நாட்காட்டித் தேதி, கி.மு. 32-ஐக் குறிக்கிறது. ஆனால் அது லா வென்டா கைவிடப்பட்டு மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலான பின்னர்ச் செதுக்கப்பட்டது.

கல்தலைகளின் முகங்கள் ஆப்பிரிக்கத் தொடர்பைக் காட்டுகின்றனவா?

இல்லை. தட்டையான மூக்கும் தடித்த உதடும் அந்த நிலத்தில் இன்றும் வாழும் பழங்குடி மக்களிடம் காணப்படும் தோற்றமே. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு கருவியோ, பயிரோ, எலும்போ ஒல்மெக் ஊர்களின் அகழ்வுகளில் கிடைக்கவில்லை. அந்த மக்களின் படைப்பை அவர்களிடமிருந்து பறித்து வேறொருவருக்குத் தரும் இந்தக் கூற்று வருத்தத்துக்குரியது.

அருங்காட்சியகத்தில் ‘ஒல்மெக்’ என்று எழுதி வைத்திருக்கும் பாவையை நம்பலாமா?

அது எந்த மண்ணில், எந்த அடுக்கில், எதன் அருகில் கிடைத்தது என்ற பதிவு இருந்தால் நம்பலாம். லா வென்டாவில் 1955-இல் கிடைத்த நான்காவது காணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 16 சிறு உருவங்கள் மணலில் நிறுத்தப்பட்டுள்ளன. பின்னால் 6 கோடரிகள் தூண்கள்போல் நட்டு வைக்கப்பட்டுள்ளன. ஓர் உருவம் மட்டும் கரடுமுரடான கல்லால் ஆனது. மற்றவை அதை நோக்கியும் அதைச் சூழ்ந்தும் நிற்கின்றன. அவற்றைப் புதைத்து மேலே பல வண்ணத் தரைகள் போட்ட பின்னர், யாரோ அதே இடத்தில் குழி தோண்டி, உருவங்களின் தலை தெரியும் அளவுக்கு மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு, மீண்டும் மூடியிருக்கிறார்கள். அவை எங்கே இருந்தன என்பது பல ஆண்டுகளாக ஊருக்கு நினைவிருந்தது என்பதை இந்தக் குழியே நமக்குச் சொல்கிறது. அந்த 16 உருவங்களையும் தனித்தனியே சந்தையில் விற்றிருந்தால், இந்தச் செய்தி முற்றாக அழிந்திருக்கும்.

ட்லாட்டில்கோ, லாஸ் போகாஸ் போன்ற இடங்களிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டி விற்ற பொருள்களுக்கு நேர்ந்தது அதுவே. சால்காட்சிங்கோவின் ஒன்பதாம் எண் சிற்பம், விரிந்த வாய்கொண்ட பெரிய நில அரக்கனின் முகம், 20-ஆம் நூற்றாண்டில் வெட்டி எடுக்கப்பட்டு அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டது. 2023-இல்தான் மெக்சிகோவுக்குத் திரும்பியது. அந்த வாய் திறந்திருந்த இடத்தில், மலையடிவாரத்தில் ஒருகாலத்தில் யாரெல்லாம் காணிக்கை வைத்தார்கள் என்பதற்கான மண்ணடுக்கு அதோடு திரும்பி வரவில்லை.